கட்டாமல் அனுப்பிய வயிறு

வெள்ளவத்தையில் கடற்காற்று அடிப்பதால்தான் ஸ்கான் படங்கள் சுணங்கி வருகின்றன என்று ஒரு கூட்டத்தில், ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் முகத்துக்கு நேரே நான் விளக்கம் கொடுத்திருக்கிறேன். உப்புக் காற்று வயரை அரிக்கிறது, அரித்த இடத்தில் படம் மாட்டிக்கொள்கிறது என்பது என் வாதம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நடுவில் ‘விஞ்ஞானபூர்வமாகப் பார்த்தால்’ என்றும் சொன்னதாக ஞாபகம். நான் விஞ்ஞானம் படித்தவனல்ல. பல்கலைக்கழகத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கறுவாப்பட்டை வணிகத்தைப் படித்துவிட்டு, அந்த அறிவைத் தேடி ஒருவரும் வராததால், கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்கான் நிலையத்தின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். ஒரே கடிதத்தில் கோபமாகவும் பணிவாகவும் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அதைக் கண்ட முதலாளி ஹாஜியார், இவனுக்குக் கொம்பியூட்டரும் தெரிந்திருக்கும் என்று தானாகவே முடிவுசெய்தார். நான் மறுக்கவில்லை.

என் வாதத்தை நம்பி ஹாஜியார் வயரை முழுவதும் மாற்றினார். படம் முன்போலவே மெல்ல, ஆறுதலாக வந்தது.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கான் இயந்திரம் இருந்தது கொழும்பின் வடக்கே, கொட்டாஞ்சேனையில். எடுத்த படங்கள் எல்லாம் அங்கேயே, மேல்மாடியில் குளிரூட்டிய ஓர் அறையில், தரவுத்தளத்தில் கிடந்தன. ஆனால் படம் பார்க்கவேண்டிய டொக்டர்மார் இருந்தது நகரின் தென்புறம், வெள்ளவத்தைக் கிளையில். டொக்டர் தன் கணினியில் நோயாளியின் பெயரைத் தட்டினால், அங்குள்ள புரோகிராம் கொட்டாஞ்சேனையைக் கேட்கும். கொட்டாஞ்சேனை படத்தை எடுத்து அனுப்பும். திட்டம் அப்படித்தான். நடந்தது வேறு. டொக்டர் பெயரைத் தட்டுவார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கும். டொக்டர் நோயாளியின் ஊரை விசாரிப்பார், பிள்ளைகளை விசாரிப்பார், பிள்ளைகள் எந்த நாட்டில் என்றும் விசாரிப்பார். அந்த நாட்டின் குளிரைப் பற்றியும் பேசி முடிந்துவிடும். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் உப்பின்மேல் பழிபோட்ட அந்தக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒருவர் என் தோளில் கைபோட்டார். படங்களை அனுப்பும் அந்தப் புரோகிராமை எழுதியவர் அவர்தான்.

“தம்பி, நீங்கள் சொன்ன உப்பு விசயம் நல்லதொரு கோணம்,” என்றார். “இதுவரைக்கும் ஒருத்தரும் அந்தப் பக்கத்தால யோசிக்கேல்லை. யோசிக்காம விட்டதுக்கு அவையவைக்கு ஒவ்வொரு காரணம் இருந்திருக்கும். காரணம் இல்லாமல் மனிசர் ஒண்டை யோசிக்காம விடுறேல்லைத்தானே. நீங்கள் படிச்ச பிள்ளை. நல்லா வருவியள்.”

நான் பூரித்துப்போய் பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்டும்போதுதான், அவர் என்னை மடையன் என்று சொல்லியிருக்கிறார் என்பது விளங்கியது.

அவர் எதையும் வெறுமையாகக் கையில் தரமாட்டார். சுற்றித்தான் தருவார். நிலையத்தில் எல்லோரும் அவரை ‘அண்ணை’ என்றோம். அவர் அப்பால் போனதும் ‘பாசல் அண்ணை’, அதாவது பொதி கட்டும் அண்ணை, என்றோம். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்தவர், சட்டைப்பையில் இருக்கும் பேனைக்குக்கூட ஒரு பிளாஸ்டிக் உறை. கைத்தொலைபேசிக்கு ஒரு கவர், கவருக்கு ஒரு துணிப்பை, துணிப்பைக்கு ஒரு பொலித்தீன், அதற்கு மேலே ஸிப்பில் சின்னப் பூட்டுப் போட்ட தோல்பை. போன் அடித்தால் நாங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்போம். அவர் பூட்டைத் திறந்து, பொலித்தீனை உருவி, முடிச்சை அவிழ்த்து, கவரை விரித்து ‘ஹலோ’ என்னும்போது மறுபக்கத்தில் இருந்தவர் வேறு ஆளைப் பிடித்து அலுவலை முடித்திருப்பார். அவருக்கு வாழ்நாளில் ஒரு கெட்ட செய்திகூடத் தொலைபேசியில் வந்து சேர்ந்ததில்லை.

மழை தொடங்கினால் குடையை அதன் உறையிலிருந்து எடுப்பார். உறையை உதறி நான்காக மடிப்பார். மடித்ததைப் பைக்குள் வைத்துப் பூட்டுவார். பிறகுதான் குடையை விரிப்பார். அதற்குள் ஆள் தொப்பலாக நனைந்திருப்பார். குடை நனையக்கூடாது என்பதில் அவருக்கிருந்த அக்கறை தன்மேல் இருந்ததில்லை.

அவர் குடியிருந்தது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி வீட்டில். அந்தப் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் பாசல் அனுப்பாத குடும்பம் குறைவு. மிளகாய்த்தூள், ஒடியல், பருத்தித்துறை வடை என்று சனம் அவரிடம்தான் கொண்டுவரும். பத்திரிகைத் தாளில் சுற்றி, பொலித்தீனில் சுற்றி, சாக்குத் துணியில் தைத்து, அதற்குமேல் செலோடேப்பால் கவசம் போடுவார். ஒருமுறை டொரண்டோவிலிருந்து ஒரு மாமி கோல் எடுத்து, “கத்தியாலயும் வெட்டேலாமல் கிடக்கு. உள்ளுக்கு என்ன இருக்கெண்டாவது சொல்லுங்கோ, வாசத்தையாவது நினைச்சுப் பாப்பம்” என்றாராம். இதை அவர் ஒரு நற்சான்றிதழைப் போலச் சொல்லித் திரிந்தார். நிறுத்துப் பார்த்தால் பொருளைவிடச் சுற்றியதுதான் பாரமாக இருக்கும் என்பது அவருடைய மனைவியின் முறைப்பாடு.

அந்த அக்கா நேரெதிர். வாயில் வருவதை வந்தபடியே வைப்பவர். “இந்த மனிசன் என்னைப் பொம்பிளை பாக்க வந்தண்டு கதைச்ச கதையைக் கேட்டு, எங்கட அப்பா, இவை வேற ஏதோ வீட்டுக்கு வழி கேட்டு வந்திருக்கினம் எண்டு தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டார்,” என்று எனக்கு ஒருமுறை சொன்னார். அண்ணை பக்கத்தில் இருந்து தலையாட்டினார். “திரும்பவும் போய் அம்மாவைக் கதைக்க விட்டனான் தம்பி,” என்றார்.

அவருடைய இந்தக் கலையின் உச்சம் சாரதி விவகாரம். நிலையத்தின் வான் வண்டியை ஓட்டியவர் முகத்துவாரத்துச் சிங்களவர், நல்ல மனிதர். ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு கொள்கலன் லொறியில் வானை உரசிவிட்டார். அது முதல் தடவையும் அல்ல. ஹாஜியார் ஆளை நிற்பாட்ட முடிவெடுத்தார், ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

“நீங்கதான் பக்குவமாப் பேசுற ஆள்,” என்று அண்ணையைக் கூப்பிட்டார். “நாளையிலேந்து வர வேணாண்டு சொல்லிடுங்க. மனசு நோகாமச் சொல்லுங்க.”

அண்ணை சாரதியைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். சிங்களத்தில் அண்ணை இன்னும் மரியாதையானவர். சாரதி வேலையின் கஷ்டத்தைப் பற்றிச் சொன்னார். இந்த நிலையம் அவருக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறது என்று சொன்னார். ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு கட்டத்தில் புதிய பாதை திறக்கும் என்றார், அப்போது பழைய பாதையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்றார். சாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்தார். “பொஹொம ஸ்தூதி, மாத்தயா,” என்று நன்றி சொன்னார். தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார்.

அடுத்த நாள் காலை ஹாஜியார் ஜன்னலால் பார்த்தார். முற்றத்தில் சாரதி பாட்டுப் பாடியபடி வானைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“சொன்னீங்களா?”

“சொன்னனான் ஹாஜியார். ஆள் நல்லா ஏற்றுக்கொண்டார்.”

“ஏத்துக்கிட்ட ஆள் எதுக்கு வானக் கழுவுறாரு?”

அண்ணை பேனையின் உறையைச் சரிசெய்தார். ஹாஜியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கழுவுறதாவது நல்லாக் கழுவுறாரு,” என்று போய்விட்டார். நானறிய அந்தச் சாரதி இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறார். தன்னை வேலையிலிருந்து நிற்பாட்டியது அவருக்கு இதுவரை தெரியாது.

இப்படிப்பட்டவர் ஒரு புரோகிராம் எழுதினால் அது எப்படி இருக்கும்? எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். தரவுத்தளத்துக்குள் படம் என்பது வெறும் பூச்சியமும் ஒன்றும்தான், மேலே ஒரு துணியில்லை. அந்தக் கோலத்தில் அதைத் தெருவில் விட அண்ணைக்கு மனமில்லை. முதலில் முழுப் படத்தையும் ஆங்கில எழுத்துகளாக மாற்றுவார். “எழுத்தெண்டால் எந்த வழியும் மரியாதையா விடும் தம்பி.” மாற்றியதில் படம் மூன்றில் ஒரு பங்கு வீங்கும். வீங்கியதை ஓர் உறையில் போடுவார். உறைமேல் நோயாளியின் பெயர், வயது, விலாசம், உறைக்குள் என்ன இருக்கிறது என்ற விளக்கம். ஒரு வயிற்றை ஸ்கான் பண்ணினால், பேக்கரிப் பாண் வெட்டுவதுபோல் நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உறை. அத்தனை உறைகளையும் ஒரு சாக்கில் போட்டு இறுக்கிக் கட்டுவார். இறுக்கியதில் அது மறுபடியும் பூச்சியமும் ஒன்றுமாகிவிடும் அல்லவா, ஆகவே மறுபடியும் எழுத்து. மறுபடியும் வீக்கம்.

வெள்ளவத்தையில் சாக்கு முழுவதும் வந்து இறங்கும்வரை ஒன்றையும் பிரிக்க முடியாது. இறங்கிய பிறகு அங்கிருந்த சின்னக் கணினி மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு கட்டாக அவிழ்க்கும். ஓர் உறையில் கணக்குப் பிசகினாலும் முழுச் சாக்கும் திரும்பிப் போய் மறுபடி புறப்படும். இவ்வளவுக்கும் டொக்டர் பார்க்க விரும்பியது நாலைந்து படமாக இருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டேன். காரணம் வைத்திருந்தார். முன்பு புதுக்கடைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தபோது, ஆட்களின் முகப்படத்தைச் சுற்றாமல் அனுப்பினார்களாம். இடையில் இருந்த ஏதோ ஒரு புரோகிராம், நடுவில் வந்த ஒரு குறியைப் பார்த்து, படம் முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டது. “மூக்கோட நிண்டிட்டுது தம்பி. ஒரு மனிசனை மூக்கு வரைக்கும்தான் அனுப்பினம். அண்டைக்கு முடிவெடுத்தனான். வழியை நம்பேலாது.”

அப்போதுதான் கணினிப் பிரிவுக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தார். கொட்டாஞ்சேனைக்காரி, முப்பது தாண்டியவர், பெரிய நிறுவனமொன்றில் சில வருடம் இருந்துவிட்டு, மகளின் பள்ளிக்கூடம் பக்கம் என்பதற்காக எங்களிடம் வந்தவர். காலையில் தேவாலயத்துக்குப் போய்விட்டு, வழியில் ஒரு மீன் ரோல்ஸ் வாங்கிக் கடித்தபடியே வருவார். எண்ணெய்க் கையைத் துடைக்கக் கடதாசி தேடமாட்டார். அதைப் பார்க்கும்போதே அண்ணை முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பெண் அண்ணையின் புரோகிராமைத் திறந்து பார்த்து, ரோல்ஸ் புரையேறும்வரை சிரித்தார்.

“என்ன அங்கிள் இது, கல்யாண கேக் மாதிரிச் சுத்தி வச்சிருக்கீங்க?”

“பாதுகாப்பு, பிள்ளை.”

“படத்த அப்படியே எடுத்து அப்படியே அனுப்பலாம்தானே. டேட்டாபேஸ்கிட்டயும் அப்படியே தான்னு கேட்டா அது தரும். அந்தப் பக்கமும் அப்படியே வாங்கிக்கும்.”

“அப்பிடியே எண்டால்?”

“அப்படியேதான். உடுப்பு இல்லாம.”

அண்ணை யாராவது கேட்டுவிட்டார்களா என்று கதவைப் பார்த்தார்.

“எல்லாத்தையும் அனுப்பவும் தேவையில்ல அங்கிள். முதல்ல சின்னச் சின்னதாக் காட்டுவோம். டொக்டர் எதத் தொடுறாரோ அத மட்டும் துண்டு துண்டா அனுப்புவோம். வர வரத் திரையில போடுவோம். எதுக்கு முழுச் சாக்கையும் இறக்கணும்?”

“பிள்ளை, அது ஒரு மனிசன்ர உடம்பு. றோட்டால திறந்துகொண்டு போறதே?”

“றோட்டே பூட்டித்தானே இருக்கு, வெளியாள் எட்டிப் பாக்க ஏலாது. பூட்டின வானுக்குள்ள ஏறினபிறகு எதுக்கு அங்கிள் சாக்குக்குள்ளயும் பூரணும்?”

ஹாஜியார் ஒருநாள் பரீட்சித்துப் பார்க்கச் சொன்னார். பெண்ணின் புரோகிராமை வெள்ளவத்தையில் சத்திரசிகிச்சை நிபுணரின் கணினியில் ஏற்றினோம். ஒருவருக்குக் காலின் படம். பெயரைத் தட்டியதும், நிபுணரே திகைக்கும்படி, படம் மேலிருந்து கீழாக இறங்கத் தொடங்கியது. தொடை வந்தது. முழங்கால் வந்தது. அந்த நேரம் பார்த்து இணைப்பு இழுபட, படம் அங்கேயே நின்றது. அவசரக்காரரான நிபுணர், வந்தது அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார்.

“என்ன ஐஸே, இந்த ஆளுக்கு முழங்காலுக்குக் கீழ காலைக் காணேல்லை?” என்று என் பக்கம் திரும்பினார்.

நோயாளி குனிந்து தன் காலைத் தொட்டுப் பார்த்தார்.

அண்ணை இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதாக வெளியே காட்டவில்லை. அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்கு ஒரு தொதல் இனிப்புத் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பிரித்து முடிக்க மதியமாயிற்று. ஹாஜியாரின் தீர்ப்பு சுருக்கமானது. “பழைய முறையே ஈக்கட்டும். சொணங்கினாலும் காலோட வருது.”

பெண் அந்தப் பிழையை அன்றைக்கே திருத்திவிட்டார்; ஒரு வெட்டு முழுதாக வந்து சேர்ந்தால்தான் இனித் திரையில் தெரியும், ஒவ்வொரு வெட்டும் சின்னது என்பதால் கணத்தில் வரும். ஆனால் அதைத் தொட்டுப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. வெள்ளவத்தைக் கணினியின் ஒரு மூலையில் அது சும்மா கிடந்தது. பழைய வட்டம் சுற்றியது. கடைசியில் நிபுணர் ஹாஜியாரிடம், இப்படியே போனால் தன் நோயாளிகளை வேறு இடத்துக்குத்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார். கோபமும் பணிவும் கலந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதும்படி எனக்கு உத்தரவு வந்தது.

கடிதத்தின் முதல் பந்தியில் இருந்தபோது அண்ணையின் மனைவி என் போனுக்கு அடித்தார்.

“தம்பி, அவர் போனை எடுக்கேல்லை. எடுக்க மாட்டார் எண்டு தெரியும். முந்தநாள் தொடக்கம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். காத்து எண்டுதான் உங்களுக்கும் சொல்லுவார். நம்பாதேங்கோ. வலப்பக்கம், கீழ.”

பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்தேன். அண்ணை கதிரையில் வியர்த்துப்போய் இருந்தார். முகம் சாம்பல் நிறம்.

“ஒண்டுமில்லை தம்பி. வயிறு எண்டிருந்தால் அதுக்கும் இடைக்கிடை ஒரு அபிப்பிராயம் இருக்கும்தானே. சில நேரம் அது கொஞ்சம் உரத்துச் சொல்லும்…”

எங்கள் இயந்திரத்திலேயே அவரைக் கிடத்தி ஸ்கான் எடுத்தோம். நிபுணருக்கு போன் பண்ணினேன். “ஆளையும் அனுப்பும், படத்தையும் அனுப்பும். நான் வேற ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளிக்கிடவேணும். அதுக்கிடையில பார்த்தால்தான் உண்டு. அப்பண்டிக்ஸ் வெடிச்சால் பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது,” என்றார்.

“அங்கிள், என்ட வழியில அனுப்பிடவா?” என்று பெண் கெஞ்சினார்.

“வேண்டாம் பிள்ளை,” என்றார் அண்ணை. “என்ர வயிறு. பாதியில நிக்கக் கூடாது.” ஒரு கையால் வலப்பக்கத்தைப் பிடித்தபடி, மறுகையால் தானே பொத்தானை அமர்த்தி, தன் வயிற்றைத் தன் முறைப்படி கட்டி அனுப்பிவிட்டுத்தான் வானில் ஏறினார்.

வானை ஓட்டியவர் வேலையிலிருந்து நிற்பாட்டப்பட்ட அதே சாரதி. காலி நகர் நோக்கிப் போகும், எனக்குப் பழக்கமான காலி வீதியின் நெரிசலில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பி “மாத்தயா, தவ டிக்காய்” என்று, இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்று, அண்ணைக்குத் தைரியம் சொன்னார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். அது வலியாலா, அந்தத் தேநீர்க் கடை ஞாபகத்தாலா என்று எனக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து வயிறு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. வயிற்றின் படம் வந்து சேரவில்லை.

அறையில் அண்ணையின் மனைவி காத்திருந்தார். நிபுணர் திரையையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வட்டம் சுற்றியது.

“ஐஸே, ஆள் கட்டில்ல கிடக்கிறார். படம் எங்கே?”

கட்டிலில் இருந்து அண்ணை பதில் சொன்னார். “வருது டொக்டர். இப்ப சாக்கு இறங்கியிருக்கும். இனி எழுத்தைக் கழட்டும். பிறகு ஒவ்வொரு உறையா எண்ணிச் சரிபார்க்கும். பிறகு…”

“உம்மட வயித்தை ஆர் களவெடுக்கப் போறான் எண்டு இத்தனை பூட்டு?”

“ஒரு பாதுகாப்புக்கு டொக்டர்.”

நிபுணர் வயிற்றை ஒரு விரலால் அமர்த்திவிட்டு எடுத்தார். அண்ணை வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நிபுணர் எழும்பிக் கைப்பையை எடுத்தார். “தொட்டுப் பாக்க எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு. ஆனால் பாக்காமல் வெட்டமாட்டன். இந்த வயசில வேற ஏதும் எண்டாலும் இருக்கலாம். நான் இறங்கிறன், படம் வந்தால் அங்க சொல்லுங்கோ. ஆனால் உள்ளுக்குப் போயிட்டன் எண்டால் போன் எடுக்கமாட்டன்.”

அந்த அக்கா எழும்பிக் கதவடியில் போய் நின்றார்.

அண்ணை என் கையைப் பிடித்தார். “தம்பி, பிள்ளைக்கு அடியுங்கோ. உங்கட போனில அடியுங்கோ.”

அடித்து அவர் காதில் வைத்தேன்.

“பிள்ளை, கட்டாம அனுப்பு.”

“அங்கிள்?”

“கீழ் வயிறு மட்டும். வலப்பக்கம். மற்றதெல்லாம் வேண்டாம். அப்பிடியே அனுப்பு.”

ஒரு முன்னுரை இல்லை, ஓர் ‘என்னெண்டால்’ இல்லை. அவர் இப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. வேறு யாரோ அவருடைய சட்டைக்குள் படுத்திருப்பதுபோல் இருந்தது. பெண் அங்கே வழியைத் திறந்துவிட, நான் இங்கே மூலையில் கிடந்த அந்தப் புரோகிராமைத் திறந்து பெயரைத் தட்டினேன். சின்னப் படங்கள் வரிசையாக விழுந்தன. நிபுணர் நின்றபடியே ஒன்றைத் தொட்டார். அது பெரிதாகித் திரை நிறைய வந்தது. முழுதாக வந்தது. இன்னொன்று. இன்னொன்று. கைப்பையை மேசையில் வைத்தார்.

அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போர்வையைக் கழுத்துவரை இழுத்தார். மேலே ஓர் உறைகூட இல்லாமல் தன் வயிறு நாலுபேர் முன்னால் வந்து நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

“வெடிக்கிற பதத்தில இருக்கு. வேற ஒண்டுமில்லை,” என்றார் நிபுணர். “வானைத் திருப்பச் சொல்லுங்கோ. என்ர பின்னால வரட்டும்.”

எல்லோரும் போனார்கள். என்னை அறையைப் பூட்டிவிட்டு வரச் சொன்னார்கள். திரையில் படங்களுக்குப் பின்னால் பழைய வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்பாட்ட எனக்குத் தெரியாது, கறுவா வணிகம் படித்தவன். ஆகவே அங்கேயே இருந்தேன். நேரம் போனது. அக்கா போன் எடுத்து, வெட்டி எடுத்தாயிற்று, கண் முழித்துவிட்டார் என்று சொல்லி முடித்தபோது, கணினி மணி அடித்தது. அண்ணை கட்டிய பொதி வந்து சேர்ந்திருந்தது. ‘முழுமையாகப் பெறப்பட்டது’ என்று பச்சை எழுத்து. ஒரு புள்ளி சேதமில்லை, ஓர் உறை குறைவில்லை. படத்தில் இருந்த குடல்வால் மட்டும் அவரிடம் இல்லை.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று ஹாஜியாரிடம் போய் நெடுநேரம் பேசினார். வெளியே வந்த ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு, “அவரு என்ன சொன்னாருண்டு எனக்கு வெளங்கல்ல. பிள்ளைட முறைய வைக்கட்டுமாமா, வேணாமாமா?” என்றார். வைக்கச் சொல்லித்தான் இருப்பார் என்று நான் மொழிபெயர்த்தேன். வைத்தார்கள். அண்ணை ஒரே ஒரு சலுகை கேட்டார்: ஒவ்வொரு படத்தின் வாலிலும் ஒரு சின்னச் சரிபார்ப்பு எண். வந்தது அனுப்பியதுதானா என்று அது சொல்லிவிடும். பெண் யோசித்துப் பார்த்து, அது நியாயம்தான் என்று சேர்த்துக்கொண்டார். அதை எழுத அண்ணைக்கு ஒரு கிழமை எடுத்தது. அந்த எண்ணை அவர் சும்மா விட்டாரா, அதற்கும் ஏதாவது போர்த்திவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. நிபுணர் தன் நோயாளிகளை எங்களிடமே வைத்துக்கொண்டார். கடிதத்தை நான் முடிக்கவேண்டி வரவில்லை.

பிறகு ஒருநாள், மறுபடி ஒரு ஸ்கான் எடுத்துவிட்டு, காயம் ஆறிவிட்டதா என்று காட்ட அண்ணையும் மனைவியும் வெள்ளவத்தைக் கிளைக்கு வந்திருந்தார்கள். நானும் அங்கே நின்றேன். காத்திருப்போர் உட்காரும் நீள வாங்கில் நெருக்கியடித்து ஆட்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கத் தொடங்கினேன். முன்பு சாக்குச் சாக்காக இறக்கினோம், இப்போது வேண்டியதை மட்டும் வேண்டிய அளவில் எடுக்கிறோம், கண் இமைக்க முதல் படம் திறந்துவிடும், இனி இந்த வாங்கில் ஒருவரும் காத்திருக்கத் தேவையில்லை என்றேன். அண்ணை மரியாதையாகத் தலையாட்டினார்.

அக்கா அரைவாசி திறந்திருந்த அறைக் கதவுக்குள் எட்டிப் பார்த்தார்.

“படம் வந்து கனநேரம் தம்பி,” என்றார். “டொக்டர்தான் இன்னும் வரேல்லை.”